கேபிளுக்கு வைத்த பொட்டு

தியாகதுருகத்தைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். வெயில் உச்சியில் நின்றது. ரோட்டில் வண்டி என்று ஒன்றும் இல்லை. புளியமரங்களை இடுப்பளவில் வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். ஒன்றைத் தாண்டினால் கொஞ்ச தூரத்தில் அடுத்தது. கிளைகளுக்குள் குனிந்து புகுந்து மறுபக்கம் வருவதற்குள் நாக்கு வறண்டுவிடும். என் தோள்பையில் ஒரு மாற்றுச் சட்டை, கேபிள் வெட்டும் கத்தரி, வெட்டி எடுத்த இரண்டு கம்பிக் கேபிள் முனைகள். இவ்வளவுதான் சொத்து. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஒரு ஜவ்வரிசி மில். அங்கிருந்து அன்று காலைதான் என்னைத் துரத்தியிருந்தார்கள். திருக்கோவிலூரில் ஒருவரிடம் அந்த இரண்டு முனைகளையும் காட்ட வேண்டும். அதற்காகத்தான் நடந்தேன். போவதற்கு வேறு இடம் இல்லை என்பதும் உண்மை.

கேபிள் முனை போடும் இந்த ஷெட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் கேட்டீர்கள், கேபிள் முனையில் சரிபார்த்த அடையாளமாக எல்லா இடத்திலும் சிவப்புப் புள்ளிதானே வைக்கிறார்கள், இங்கே மட்டும் ஏன் நீலம் என்று. நான் இருந்தவரை சிவப்புப் பெயிண்ட் டப்பாவை உள்ளே விட்டதில்லை. காரணம் கேட்டவர்களிடம் பேச்சை மாற்றிவிடுவேன். இப்போது வேலையை விட்டாகிவிட்டது. சொல்வதில் எனக்கு நஷ்டம் இல்லை. கேட்பதில் உங்களுக்கு லாபம் உண்டா என்று நீங்களே பாருங்கள்.

நான் எட்டாவது தேறாதவன். லாரியில் கிளீனராக இருந்தேன், போர்வெல் வண்டியில் இருந்தேன், கடலூரில் விசைப்படகு கட்டுகிற இடத்தில் இருந்தேன், பஸ் பாடி கட்டும் பட்டறையில் இருந்தேன். எங்கேயும் வருடம் முழுதாக நின்றதில்லை. கம்பிக் கயிறு மட்டும் எல்லா இடத்திலும் என் கைக்கு வந்தது. அதனால்தான் அந்த மில்லில் சேர்த்துக்கொண்டார்கள்.

மில் முதலாளிக்கு விமானப் பைத்தியம். வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாகப் பாகங்களை வரவழைத்தார். இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். குழாய்களும் துணியும் கேபிளும் சேர்த்து நாமே கட்டிக்கொள்ள வேண்டியது. மரவள்ளி மாவு மூட்டைகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, அந்தப் புளித்த நாற்றத்துக்கு நடுவில் கட்டினோம். விமானப்படையில் பழுது பார்க்கும் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எங்களுக்கு மேல் இருந்தார். அவரை எல்லோரும் சார்ஜெண்ட் என்றே கூப்பிட்டோம். ஓட்டுவதற்குச் சென்னையில் பயிற்சி எடுத்த ஒரு இளைஞன். ஜவ்வரிசி காயவைக்கும் சிமெண்ட் களத்திலிருந்து கிளம்பி, மரவள்ளி பிடுங்கிய நிலத்தின் மேல் வட்டமடித்து இறங்குகிற அளவுக்கு அது பறந்தும் விட்டது.

கிரிம்ப் செய்வது எப்படி என்று உங்களுக்குச் சொல்லப் போவதில்லை. அதைச் செய்துதான் சம்பளம் வாங்குகிறீர்கள். ஒன்றை மட்டும் நினைவுபடுத்துகிறேன். கேபிளை வளைத்துச் ஸ்லீவ் என்கிற சின்னச் செம்புக் குழாய்க்குள் திரும்பச் செருகி அழுத்துகிறோம். அழுத்தியது போதுமா என்பது கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் தெரியாது. கேஜ் என்கிற அளவுத் தகட்டின் வெட்டுக்குள் ஸ்லீவ் நுழைந்தால் போதும், நுழையாவிட்டால் போதாது. கேஜ் பார்த்த பிறகுதான் ஸ்லீவும் கேபிளும் சேரும் இடத்தில் பெயிண்ட் புள்ளி. பின்னால் கேபிள் நழுவினால் புள்ளி உடைந்து காட்டிக்கொடுக்கும். புள்ளியே இல்லாவிட்டால் இன்னும் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். சார்ஜெண்ட் வைத்தது சிவப்புப் புள்ளி.

விமானத்தின் மூக்கை ஏற்றி இறக்கும் வால் கேபிள்கள் இரண்டும் கப்பியில் உரசி இழை பிரிந்திருப்பதை ஒருநாள் அவர் பார்த்தார். புதிதாகப் போடச் சொன்னார். ஒரு முனை கம்பெனியிலேயே போட்டு வரும், மறுமுனைதான் என் வேலை. அன்று மாலை அவர் திருக்கோவிலூரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கிளம்பினார். கேஜ் எப்போதும் அவர் சட்டைப் பையில்தான் இருக்கும்.

"நீ போட்டு வையி, ஏழுமல. நாளைக்கு வந்து பாக்கறேன். நான் பாக்காம புள்ளி வச்சிடாத" என்றார்.

மறுநாள் இட ஒதுக்கீடு கேட்டு மறியல் தொடங்கிவிட்டது. ரோடு ரோடாக மரம் விழுந்தது, பஸ் நின்றது. போலீஸ் சுட்டதாகவும் பேசிக்கொண்டார்கள். சார்ஜெண்ட் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார். நான் இரண்டு கேபிளையும் போட்டு, புள்ளி வைக்காமல் விட்டிருந்தேன். அவசரம் ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்தேன்.

முதலாளிக்கு அவசரம் வந்தது. திருக்கோவிலூரில் அவருடைய தங்கை மகளுக்குக் கல்யாணம். அவர்தான் தாய்மாமன். தாய்மாமன் சீர் இல்லாமல் பெண்ணை எப்படி மேடையில் உட்காரவைப்பது? மில் டெலிபோனில் தங்கை அழுதது வெளியே நின்ற எங்களுக்கே கேட்டது. கார் போகாது. சைக்கிளில் ஊருக்குள் புகுந்து போகலாம் என்று கணக்கர் சொன்னார்.

"சீர் எடுத்துக்கினு போற தாய்மாமன் சைக்கிள் கேரியர்ல போயி எறங்கறதா?" என்றார் முதலாளி. "கீழ ரோட்டதான அடச்சிருக்கானுங்க? மேல எவன் அடப்பான்?"

திருக்கோவிலூரில் தென்பெண்ணை வறண்டு கிடந்தது. மணலில் இறங்கிவிடலாம் என்று பைலட்டும் சொன்னான். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் விடிந்ததும் கிளம்புவதாக முடிவானது. நான் அதற்கு முந்தின மாலையே முதலாளியிடம் போய், வால் கேபிள் இரண்டும் கேஜ் பார்க்கவில்லை என்று சொன்னேன்.

"காலையில பேசிக்கலாம், போப்பா" என்றார்.

இங்கேதான் முதல் பாடம். ஆபத்தான சங்கதியைக் காலையில் பேசிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அங்கேயே நின்று பேசி முடித்துவிட்டு நகருங்கள். காலையில் பேச்சு இருக்காது, ஏற்பாடு இருக்கும்.

காலையில் நான் போனபோது விமானத்தைக் களத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டிருந்தார்கள். சக்கரத்துக்கு முன்னால் எலுமிச்சம்பழம். மூக்கில் மாலை. முதலாளியின் மனைவி சந்தனக் கிண்ணமும் குங்குமச் சிமிழுமாக விமானத்தைச் சுற்றி வந்திருந்தார். புது லாரிக்குப் பூஜை போடும்போது சக்கரம், ஸ்டியரிங், விளக்கு ஒன்று விடாமல் பொட்டு வைப்பார்கள் அல்லவா, அப்படி வைத்திருந்தார். பைலட் கேபிள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான்.

"எல்லாத்துலயும் புள்ளி இருக்குதே, ஏழுமலண்ணே. பாக்கலன்னு சொன்னியாமே?"

போய்ப் பார்த்தேன். நான் வெறுமனே விட்டிருந்த இரண்டு முனைகளிலும் சிவப்பாகப் புள்ளி. அதே அளவு, அதே இடம்.

"அது நான் வச்சதுப்பா" என்றார் முதலாளியின் மனைவி, சாதாரணமாக. "எல்லாத்துக்கும் வச்சிட்டு ரெண்டுத்த மட்டும் மூளியா வுட்டிருந்தீங்க. நல்ல காரியத்துக்குப் போற வண்டி. அப்படி வுடலாமா?"

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கேபிள் முனை ஒவ்வொன்றிலும் சிவப்புப் பொட்டு இருந்தால் அது குங்குமம் என்றுதான் அந்த வீட்டில் யாரும் நினைப்பார்கள். எண்ணெயில் குழைத்த குங்குமம், செம்பின் மேல் ஒட்டிக்கொண்டு பெயிண்ட் மாதிரியே மினுங்கியது.

பைலட்டுக்குக் காட்டுவதற்காக ஒரு முனையைக் கட்டைவிரலால் துடைத்தேன். விரலோடு வந்துவிட்டது. பக்கத்தில் பழைய முனையைத் துடைத்தேன். வரவில்லை. "பாத்துக்க" என்று சொல்லிவிட்டு இரண்டாவதையும் துடைத்தேன்.

பின்னால் ஒரு கத்தல் கேட்டது. "ஐயோ, அவரு ஏறப்போற நேரத்துல பொட்ட அழிக்கறானே, பாவி! என் பொட்ட அழிக்கறானே!"

என் விரலைப் பார்த்தேன். சிவப்பாக இருந்தது. புருஷன் பயணம் கிளம்பும் நேரத்தில் அந்த அம்மாவின் கண் முன்னால் நான் செய்தது என்ன என்று அப்போதுதான் உறைத்தது. களத்தில் இருந்த ஒருவருக்கும் அதற்குப் பிறகு கேபிள் கண்ணில் படவில்லை. என் விரல்தான் பட்டது.

முதலாளி பட்டு வேட்டியில் வந்தார். நெற்றியில் அவருக்கும் பொட்டு. ஒரு கையில் சீர் தாம்பாளம், துண்டு போட்டுக் கட்டியது.

"இன்னாடா பண்ண?"

"ரெண்டு கேபிளும் கேஜ் பாக்கலிங்க. புள்ளி இருக்குதேன்னு பைலட்டு நம்பிட்டாரு. அதான் தொடச்சிக் காட்டினேன்."

"அது நீ போட்ட கிரிம்ப்பு தான?"

"ஆமாங்க."

"நீ போட்டதுமேல ஒனக்கே நம்பிக்க இல்லியா?"

"நம்பிக்க இருக்குதுங்க. கேஜ்தான் இல்ல."

யாரோ சிரித்தார்கள். நான் பதில் சொன்ன விதம் அப்படி ஆகிவிட்டது. கொஞ்ச நேரம் கொடுங்கள், மாவு மூட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டு இழுத்துப் பார்க்கிறேன் என்றேன். அதற்கு விமானத்திலிருந்து கேபிளைக் கழற்ற வேண்டும், திரும்பப் பூட்ட வேண்டும். வெயில் ஏறினால் மலையிலிருந்து காற்று அடிக்க ஆரம்பித்துவிடும், அப்புறம் இதைத் தூக்க முடியாது என்றான் பைலட். அவன் சொன்னதும் பொய் இல்லை.

"சார்ஜெண்ட் வந்தப்புறம் போலாங்க" என்றேன்.

"முகூர்த்தம் அவருக்காக நிக்குமா?" என்று கேட்டுவிட்டு முதலாளி ஏறி உட்கார்ந்தார். தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டார். பைலட் என்னை ஒரு தடவை பார்த்தான். அவனுக்குப் புரிந்திருந்தது. வாயைத் திறந்து போகமாட்டேன் என்று அவன் ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. ஏறிவிட்டான்.

இந்த இடத்தை நீங்கள் நன்றாக யோசித்துப் பார்க்க வேண்டும். என்னிடம் பட்டம் இல்லை. பதவி இல்லை. கையெழுத்துப் போட்டு நிறுத்தும் அதிகாரம் இல்லை. சத்தம் போட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை. உட்கார்ந்திருந்த இரண்டு பேருடைய உயிரும் யாரும் பார்க்காத இரண்டு செம்புத் துண்டுகளில் இருந்தது. என் இடுப்பில் கத்தரி இருந்தது.

ஸ்லீவுக்குப் பின்னால் கொஞ்சம் விட்டு, இரண்டு கேபிளையும் வெட்டினேன். வெட்டிய கேபிளை ஒட்டவைக்க முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். புதிதாகப் போட மில்லில் கேபிள் இல்லை. அது எல்லோருக்கும் தெரியும்.

யார் முதலில் அடித்தார்கள் என்று தெரியவில்லை. அடி வாங்குவது எனக்குப் புதிது இல்லை. முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். முதலாளி அடிக்கவில்லை. மடியில் தாம்பாளத்தோடு அந்த சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். இறங்கக் கூட இல்லை.

"உங்காளுங்க கீழ மரத்த வெட்டுனாங்க" என்றார். "நீ மேல வெட்டிட்ட. முன்னமே பேசி வச்சிக்கினுதான செஞ்சீங்க?"

அந்த மில்லில் சேர்ந்ததிலிருந்து என் சாதியை யாரும் கேட்டதில்லை. கேட்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள் என்று அன்று தெரிந்துகொண்டேன். கேஜ், கிரிம்ப், குங்குமம் எதுவும் அதன் பிறகு பேச்சில் இல்லை. அவன் அந்தச் சாதி, அதனால் வெட்டினான். கணக்குச் சுலபமாக முடிந்துவிட்டது.

வெளியே தள்ளும்போது என் பையில் எதையோ யாரோ திணித்தார்கள். பைலட். வாலில் பூட்டியிருந்த ஆணியிலிருந்து கழற்றிய இரண்டு முனைகள். "சார்ஜெண்ட்கிட்ட காட்டி கேஜ்ல வச்சிப் பாருண்ணே" என்றான் காதோடு. ஏறும்முன் வராத வாய் அப்போது வந்தது.

அதனால்தான் அந்த ரோட்டில் நடந்தேன். சரியாக இருக்காது என்று ஒரு நேரம் தோன்றும். அப்போது நடை வேகமாகும். சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றும்போது அடி வாங்கிய இடமெல்லாம் வலிக்கும்.

ஒரு மரத்தடியில் மறியல்காரர்கள் நிறுத்தினார்கள். பையைத் திறந்து பார்த்தார்கள்.

"இத்த வச்சிக்கினு மரம் வெட்ட வந்தியா?" என்று ஒருவன் கத்தரியை எடுத்துக் காட்ட, எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம் ஊர் கேட்டார்கள். ஊருக்குப் பின்னால் என்ன கேட்பார்களோ அதையும் கேட்டார்கள். சொன்னேன்.

"அட, நம்மாளு! மொகம் ஏன் வீங்கிக் கெடக்குது? போலீஸா?"

"இல்ல. முதலாளி வூட்ல."

"பாத்தியா? இதுக்குத்தான் ரோட்ல நிக்கறோம். எத்தினாவது படிச்ச?"

"எட்டு. பாஸ் இல்ல."

"சரி, ஒனக்கு இல்லன்னாலும் ஒம் புள்ளைக்கு ஆவும்."

"இன்னும் கல்யாணமே ஆவல."

"இவனுக்கு எந்தக் கோட்டாடா குடுக்கறது?" என்றான் கத்தரிக்காரன். மறுபடியும் சிரிப்பு. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். கேட்ட கோரிக்கை நியாயம்தான். அன்று காலை எனக்குக் கிடைத்த அடியும் அதைத்தான் சொன்னது. ஆனால் நான் எதற்காக வெட்டினேன் என்று அவர்களும் கேட்கவில்லை.

ஊர் அடங்கிய பிறகு திருக்கோவிலூரில் சார்ஜெண்ட் வீட்டைக் கண்டுபிடித்தேன். முகத்தைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, ஆணியில் மாட்டியிருந்த சட்டையிலிருந்து கேஜை எடுத்தார். ஒரு முனையை வாங்கி, ஒவ்வொரு அழுத்தலிலும் வைத்துப் பார்த்தார். நுழைந்தது. இரண்டாவதை வாங்கினார். அதுவும் நுழைந்தது. விளக்குப் பக்கம் திரும்பி மறுபடியும் பார்த்தார்.

"சரியாத்தான் போட்டிருக்க" என்றார்.

இந்தக் கதையை யாரிடமாவது சொன்னால், இந்த இடத்தில் கேஜ் நுழையாமல் நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். எனக்கும் அப்படித்தான் வேண்டியிருந்தது. நுழைந்தது. நான் வெட்டியது நல்ல கிரிம்ப். அந்த விமானம் பறந்திருக்கும், ஆற்று மணலில் இறங்கியிருக்கும், தாய்மாமன் வானத்திலிருந்து சீர் கொண்டுவந்தார் என்று அந்த ஊர் இன்றைக்கும் பேசிக்கொண்டிருக்கும்.

"அப்ப நான் பண்ணது தப்பா?"

"பாக்காம பறக்கக் கூடாது. அவ்ளோதான்."

"அத்த நீங்க வந்து முதலாளிகிட்ட சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாரு."

சார்ஜெண்ட் கேஜைத் துணியில் துடைத்தார். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"முன ரெண்டும் கைல இருக்குது. எப்படி இருந்துதுன்னு கேப்பாரு. அது நல்லா இருக்குதுன்னு நான் சொன்னா, நீ வேணும்னே வெட்டுனேன்னு ஆவும். நல்லா இல்லன்னு நான் பொய் சொல்ல முடியாது."

"ரெண்டும் வேணாம். கேஜ் பாக்காம போவக் கூடாதுன்றத மட்டும் சொல்லுங்க. நீங்க எனக்குச் சொன்னதுதான?"

அவர் கேஜைச் சட்டைப் பையில் திரும்பப் போட்டார். பிறகு, "எனக்கும் அங்கதான் சோறு, ஏழுமல" என்றார்.

எனக்குக் கேபிள் வேலையை முறையாகக் காட்டிக்கொடுத்தவர் அவர்தான். நான் உங்களுக்குக் காட்டியதெல்லாம் அவர் கை. அதில் ஒரு குறையும் இல்லை. அன்று அவர் வீட்டில் சாப்பாடும் போட்டார், படுக்கப் பாயும் கொடுத்தார். ஆனால் ஒருவருடைய கை சரியாக இருப்பது வேறு, வாய் சரியாக இருப்பது வேறு. உங்களுக்கு மேலே இருப்பவரைப் பார்க்கும்போது இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள்.

நீலம் ஏன் என்று கேட்டீர்கள். சிவப்பு குங்குமம். மஞ்சள் வைத்தால் அது மஞ்சள்தூள். வெள்ளை வைத்தால் விபூதி, நாமம். நம் ஊரில் யாரும் எந்தச் சாமிக்கும் வைக்காத நிறம் எனக்குத் தெரிந்து நீலம்தான். பார்க்காத ஒன்று பார்த்த மாதிரித் தெரியக் கூடாது. அந்தக் கிரிம்ப் சரியாக இருந்தது என்பது திருக்கோவிலூர் போய்த் தெரிந்த சங்கதி. களத்தில் நின்றபோது அது யாருக்கும் தெரியாத கிரிம்ப். இன்றைக்கு அப்படி ஒன்று என் முன்னால் வந்தாலும் வெட்டத்தான் செய்வேன். வெட்டினால் என்ன கிடைக்கும் என்றும் தெரிந்தே வெட்டுவேன். யாராவது வந்து தட்டிக்கொடுப்பார்கள் என்ற எண்ணத்தோடு நீங்கள் கத்தரியை எடுக்காதீர்கள்.

மறுநாள் விடிந்ததும் சார்ஜெண்ட் வீட்டிலிருந்து கிளம்பினேன். தியாகதுருகம் ரோட்டில் ஊர் எல்லையிலேயே போலீஸ் நின்றிருந்தது. ரோட்டைத் திறந்துவிட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார் ஒரு மர காண்டிராக்டர்.

"அறுக்கத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன்.

இரண்டு பேர் இழுக்கும் ரம்பம். எதிர்ப்பக்கம் பிடித்தவன் என் வயது இருப்பான். கொஞ்ச நேரம் இழுத்த பிறகு, போலீஸ் நிற்கும் திசையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"இத்த வெட்டிச் சாச்சதும் நாந்தான். வெட்டுனப்ப தண்ணி கூட ஒருத்தன் குடுக்கல. இப்ப கூலி குடுக்கறான்."

ஊருக்குள்ளிருந்து மேளச் சத்தம் வந்துகொண்டிருந்தது. நாங்கள் நடுமரத்தில் பாதி இறங்கியிருந்தோம். கள்ளக்குறிச்சிப் பக்கமிருந்து ஒரு சைக்கிள் வந்தது. மிதித்து வந்தவன் மில் வாட்ச்மேன். கேரியரில் முதலாளி. பட்டு வேட்டி முழங்கால்வரை சேறு. துண்டில் கட்டிய தாம்பாளத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்திருந்தார். நெற்றியில் புதிதாக வைத்த பொட்டு வியர்வையில் கரைந்து மூக்குவரை வழிந்திருந்தது.

மரத்தைச் சுற்றிப் போக வழியில்லை. இறங்கி, குனிந்து கிளைக்கு அடியில் நுழையப் பார்த்தார். தாம்பாளம் இடித்தது. நான் ரம்பத்தை விட்டுவிட்டு அந்தக் கிளையைத் தோளில் தாங்கித் தூக்கினேன். அவர் அடியில் புகுந்து என் பக்கமாக நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார்.

"முகூர்த்தம் முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார், மரத்தின் இந்தப் பக்கம் வேறு யாரும் இல்லை.

"கெட்டி மேளம் இன்னும் கொட்டலிங்க."

சைக்கிளுக்குக் காத்திருக்காமல் ஊரைப் பார்த்து ஓடினார். அந்த வேட்டியோடு, அந்த வயதில், தாம்பாளம் சாயாமல். திரும்பிப் பார்க்கவில்லை.

"யாருடா அது?" என்றான் எதிர்ப்பக்கத்துக்காரன்.

"தாய்மாமன்."

"சரி, இழு."

இழுத்தேன்.